கால் திரும்பியிருக்கிற பக்கம்

நான் உள்ள நுழைஞ்சதும் சிரிப்பு நின்னுபோச்சு. தானா அடங்குற சிரிப்பு ஒரு மாதிரி, ஆளைப் பாத்ததும் விழுங்குற சிரிப்பு வேற மாதிரி, எனக்குத் தெரியாதா, பதினஞ்சு வருஷமா மூஞ்சி வரையறதுதானே என் பொழப்பு. சுவத்துக்கிட்ட ஆறு பேர் நின்னாங்க, அஞ்சு பேருக்கு ஒரே நேரத்துல வேலை ஞாபகம் வந்துடுச்சு, நகராம நின்னது ரோஸ்லின் மட்டும்தான், கையில டீ. "வந்துட்டியா பொற்கொடி, உனக்காகத்தான் எல்லாம் நிக்குது, ஒரு மணிக்குள்ள பாத்து ஓகே போட்டேன்னா ரெண்டு மணி மீட்டிங்குக்கு அனுப்பிடலாம்"னா. சாதாரணமாத்தான் சொன்னா. அதுதான் இடிக்குது. ரோஸ்லின் எதையும் சாதாரணமா சொல்ற ஆளே இல்ல, ஒரு டீ வேணுமான்னு கேக்கறதைக்கூட நாடகமாக்கிடுவா. சுவத்துல பதினோரு கறுப்பு உருவம். எங்க ஸ்டுடியோவுல அது ஒரு பழக்கம், புதுசா ஒரு வேலை வந்தா, கார்ட்டூனோ கேமோ எதுவானாலும், அதுல வர்ற ஒவ்வொரு கேரக்டரையும் கண்ணு மூக்கு ஒண்ணும் இல்லாம முழுக்கக் கறுப்படிச்சு சுவத்துல ஒட்டிடுவோம். கீழ ஒரு கவர் தொங்கும். போறவங்க வர்றவங்க எல்லாரும், ஆபீஸ் கூட்டுற அஞ்சலையக்கா உள்பட, யாரு இவங்கன்னு தோணுறதை ஒரு சீட்டுல எழுதி அதுல போடணும். வெறும் கறுப்பை வச்சே ஆளு எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சா நல்ல டிசைன். தெரியலன்னா தூக்கிப் போட்டுட்டு மறுபடி வரையணும். கடைசியா எல்லாத்தையும் பாத்து, சிவப்புல திருத்தி, கையெழுத்துப் போடறது நான். முதல் மூணு படம் சரியாத்தான் இருந்துச்சு, பசங்க ரெண்டு பேரு, ஒரு நாய். நாலாவது, இந்தக் கதையோட வில்லி, ஒரு தெருவையே நோட்டம் விட்டுக்கிட்டு நிக்கிற வேவு அத்தை, ரோஸ்லின் டிசைன். கழுத்து முன்னால நீட்டியிருக்கு. கக்கத்துல ஒரு பை, பையோட வாயை ஒரு கை இறுக்கிப் பிடிச்சிருக்கு. மூஞ்சி ஒரு பக்கம், ஒரு கால் மட்டும் எடுத்து வச்சு வேற பக்கம். கவர்ல ஒம்பது சீட்டு. திருடி. வாடகை கேக்க வந்த அம்மா. பக்கத்து வீட்டை எட்டிப் பாக்குறவ. பஸ்ஸை விட்டவ. பத்த வைக்கிறவ. அப்புறம் மறுபடி ஒரு திருடி. மீதி மூணு சீட்டுலயும் ஒரே பேரு, பொற்கொடி மேடம், பொற்கொடி மேடம், பொற்கொடி. கடைசிச் சீட்டுல பேருக்குப் பக்கத்துல ஒரு சிரிக்கிற மூஞ்சி வேற. மூணையும் எடுத்து சுடிதார் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு அஞ்சாவது படத்தைப் பாக்கப் போனேன்.

மணி பதினொண்ணு நாப்பது. என் இடத்துல வந்து உக்காந்து எங்க முதலாளி தயாளன் சாருக்கு மெயில் அடிச்சு முடிச்சாச்சு. நாலே வரி. கூட வேலை செய்பவரைக் கேலி செய்யும் நோக்கத்துடன் ரோஸ்லின் மேரி வடிவமைத்திருக்கும் கதாபாத்திரம் குறித்துத் தங்கள் கவனத்திற்கு. நல்லா வந்திருக்கு, கோபமே தெரியல. அனுப்பு பட்டனை மட்டும் இன்னும் அமுக்கல. அமுக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் ஒரு ஆட்டுக்கிடாவுக்கு, வேலை கொடுத்த கம்பெனி மேனேஜரோட தாடியையும் முழியையும் அப்படியே வச்சுட்டா இவ, அந்த ஆளு மீட்டிங்ல தன்னைத் தானே பாத்துட்டு எழுந்து போயிட்டான். தயாளன் சார் எல்லார் முன்னாடியும் சொன்னாரு, "இன்னொரு தடவை தெரிஞ்ச ஆளை யாரையாவது நீ வரைஞ்சேன்னு என் காதுக்கு வரட்டும் ரோஸ்லின், அன்னைக்கே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடு, நான் திட்டக்கூட மாட்டேன்." திட்ட மாட்டேன்னு அவர் சொன்னா நிஜமாவே முடிஞ்சுதுன்னு அர்த்தம். ரோஸ்லினுக்கு நாப்பத்திரெண்டு. இந்தத் தொழில்ல இப்ப இருபத்திரெண்டு வயசுப் பிள்ளைங்களைத்தான் எடுக்குறான். பெரம்பூர்ல படுத்த படுக்கையா அப்பா. இந்த வேலை போச்சுன்னா அவளுக்கு வேற வேலை கிடையாது. பாவமா இருக்கா? இருக்கு. இருக்கட்டும். பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து, என் டப்பாவுல இருந்து அவளும் அவ டப்பாவுல இருந்து நானும் தின்னு, அவளுக்கு என் மேல வராத பாவம் எனக்கு மட்டும் எதுக்கு வரணும்? என்னை வில்லியாக்கி சுவத்துல ஒட்டி ஊரைக் கூப்பிட்டுச் சிரிச்சிருக்கா. அஞ்சலையக்காவும் எழுதியிருப்பாளோ. அந்த மூணாவது சீட்டு அவ கையெழுத்தா? இல்ல, அவ "மேடம்" போடாம என் பேரை எழுத மாட்டா. அப்போ அது யாரு?

கண்ணாடி. அதை நான் முதல்லயே கவனிச்சிருக்கணும். எங்க எல்லாருக்கும் மேஜை மேல ஒரு கைக்கண்ணாடி உண்டு, கோபம் வரையணும்னா கண்ணாடியைப் பாத்துக் கோபப்படுவோம், எவனாவது தும்முற மாதிரி வரையணும்னா நாமளே தும்மிப் பாப்போம். புதுசா யாராவது உள்ள வந்தா பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு நினைச்சுப்பாங்க. அவங்கவங்க கண்ணாடி அவங்கவங்க மூஞ்சிக்கு நேரா இருக்கும், அதுதான் வழக்கம். ரோஸ்லின் கண்ணாடி மூணு வாரமா சாய்ஞ்சிருக்கு. நான் இங்கேருந்து நிமிர்ந்தா அதுல அவ கண்ணு தெரியுது. அவ கண்ணு எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சி அவளுக்குத் தெரியுதுன்னுதானே அர்த்தம். சும்மா சந்தேகப்படக்கூடாதுன்னு நாற்காலியை ரெண்டடி தள்ளிப் போட்டேன், டியூப்லைட் கண்ணைக் கூசுதுன்னு ஒரு பொய்யும் சொன்னேன். மறுநாள் காலையில வந்து பாத்தா கண்ணாடியும் திரும்பியிருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? அப்புறம் அந்த மூணு தடவை. மூணு தடவை என் சீட்டுக்கு வந்து "ஏய் ஒரு விஷயம் சொல்லணும்டி"ன்னா. மூணு தடவையும் நான் ஸ்கிரீனை அந்தப் பக்கம் திருப்பினேன், ஏன்னா அடுத்த சீசனுக்கு நான் போட்டு வச்சிருந்த ஸ்கெட்ச் திறந்து கிடந்துச்சு. சொல்ல வந்தவ சொல்லாம போயிட்டா. சொல்ல வந்தாளா, பாக்க வந்தாளா? இப்பக்கூட பாரு, அங்க உக்காந்து எதையோ வரையற மாதிரி இருக்கா, பேனா நகருது, ஆனா கண்ணாடிக்குள்ள அந்தக் கண்ணு என் மேலதான் இருக்கு. நான் எப்படி உக்காந்திருக்கேன்? கழுத்து முன்னால நீட்டியிருக்கு. சட்டுனு பின்னால இழுத்துக்கிட்டேன். மடியில பை. ஆபீஸ்ல வந்து உக்காந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு, இன்னும் பையை மடியிலேயே வச்சுக்கிட்டிருக்கேன், ஒரு கை அதோட வாய் மேல. கீழ வச்சா என்ன, யாரு எடுக்கப் போறா, இதுக்குள்ள என்ன புதையலா இருக்கு, ஒரு தண்ணி பாட்டிலும் ஒரு மாத்திரை அட்டையும். கீழ வச்சேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி எடுத்து மடியில வச்சுக்கிட்டேன்.

காலையில இருந்தே நாள் சரியில்ல. எம் பொண்ணு ஆதிரை குளிச்சுக்கிட்டிருந்தா. அவ ஸ்கூல் பை சோபா மேல கிடந்துச்சு, ஜிப் பாதி திறந்து. பதினஞ்சு வயசுப் பொண்ணு, பத்து நாளா வீட்டுல பேச்சே இல்ல, கேட்டா ம், சரி, தெரியல. பையை மூடி வைக்கத்தான் போனேன், சத்தியமா மூடத்தான் போனேன். கை உள்ள போயிடுச்சு. நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், பேட்மின்டனுக்கு மாத்திக்கிற டி-ஷர்ட் ஒண்ணு. டி-ஷர்ட்டைத் தொட்டதும் கை அங்கேயே நின்னுடுச்சு, ஏன்னு யோசிக்கறதுக்குள்ள தலையில துண்டோட வந்து நின்னுட்டா. "அம்மா, என்ன தேடுற?" "ஒண்ணுமில்ல, ஜிப்பு திறந்திருந்துச்சு." "என்ன தேடுறேன்னு சொன்னா நானே எடுத்துத் தருவேன்ல." கத்தியிருந்தாக்கூட பரவாயில்ல. கத்தல. பையை எடுத்துத் தலைகீழா கவுத்து எல்லாத்தையும் தரையில கொட்டிட்டு, "பாத்துக்கோ, பாத்து முடிச்சுட்டு நீயே அடுக்கி வை"ன்னு தலை சீவப் போயிட்டா. நான் உக்காந்து அடுக்கினேன். இது நான் என் வாயால எங்கம்மாகிட்ட சொல்ல நினைச்சு சொல்லாம விட்டது. இருபது வருஷம் கழிச்சு வட்டியும் முதலுமா எனக்கே வந்திருக்கு.

எங்கம்மா சொர்ணம் அப்படித்தான், வீட்டை விட்டு யார் போனாலும் பையைத் திறந்து பாப்பா. சித்தி வந்துட்டுப் போனாலும் பாப்பா, கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்ண வந்தவன் பையையும் பாப்பா, மானமே போகும். அது எதனாலன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஒம்பது வயசுல அப்பா வேலூர்ல ஒரு கல்யாணம்னு சொல்லிட்டு ஒரு மஞ்சப் பையோட கிளம்பினாரு, அதுக்கப்புறம் வரல. செத்துப் போகல, எங்கேயோ இருந்தாரு, எங்கேயோ வேற ஒரு வீட்டுல. அந்தப் பையில நாலு சட்டை இருந்துச்சுன்னு அலமாரியைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. ஒரு நாள் கல்யாணத்துக்கு எதுக்கு நாலு சட்டை. "அன்னைக்குப் பையைத் திறந்து பாத்திருந்தேன்னா தெரிஞ்சிருக்கும்"னு அம்மா பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரே ஒரு தடவை சொன்னா, நான் கேட்டேன். சரி, புரியுது. புரிஞ்சா மட்டும் போதுமா? ஓவியக் காலேஜ்ல நான் சேந்த நாள்ல இருந்து சாயங்காலம் நாலு மணிக்கு கேட்டுக்கு எதிர்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பா. கழுத்தை நீட்டிக்கிட்டு, கறுப்பு ரெக்சின் பையைக் கக்கத்துல இடுக்கி, ஜிப் பிஞ்சு போன வாயைக் கையால மூடிப் பிடிச்சுக்கிட்டு. உள்ள வர மாட்டா, கூப்பிட மாட்டா, யார்கூட நான் வெளிய வர்றேன்னு பாப்பா, அவ்வளவுதான். "உங்கம்மா டூட்டிக்கு வந்துட்டாங்கடி"ன்னு கூடப் படிக்கிறவளுங்க சிரிப்பாளுங்க. மாமல்லபுரத்துக்குப் படம் வரையக் கூட்டிட்டுப் போனாங்க, காலையில ஆறு மணிக்கு காலேஜ் பஸ் வாசல்ல இவ நிக்கிறா, எங்க சார்கிட்ட போயி, "இடம் இருந்தா நானும் வர்றேன் சார், ஓரமா உக்காந்துக்கறேன்"கிறா. அவரு பாவம், சரிம்மா ஏறுங்கன்னுட்டாரு. நாள் முழுக்க கல் மண்டபத்துல அந்தப் பையை அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் அன்னைக்கு ஒரு கோடுகூட ஒழுங்கா போடல. எதுக்கெடுத்தாலும் அந்த ஒரு வார்த்தை, நானும் வர்றேன். தோழி வீட்டுக்கா, நானும் வர்றேன். கடற்கரைக்கா, நானும் வர்றேன். கல்யாணம் ஆகி முதல் தடவை அவர்கூட ஊட்டிக்குக் கிளம்பினப்ப வாசல்ல நின்னு வாயைத் திறந்தா பாரு, நான் முந்திக்கிட்டேன், "அம்மா, தயவுசெஞ்சு." மூடிக்கிட்டா. செத்து ஆறு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில நர்சு அந்த ரெக்சின் பையை என் கையில கொடுத்தா. வீட்டுக்கு வந்து தனியா உக்காந்து திறந்தேன். ஒரு சேலை, அதுக்கு ஒரு ஜாக்கெட், ஒரு உள்பாவாடை, ஒரு சோப்பு டப்பா, சீப்பு. ஆஸ்பத்திரிக்குன்னு எடுத்து வச்சதில்ல. அந்தச் சேலை நான் காலேஜ் படிக்கும்போது பாத்தது, அப்புறம் அவ கட்டி நான் பாத்ததே இல்ல, மடிப்புக்கு மடிப்பு நிறம் வெளுத்து, பிரிச்சா மடிப்போட கிழியுது. சோப்பு காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. அப்படின்னா எத்தனை வருஷமா அது அதுக்குள்ள இருந்துச்சு? கேட்டுக்கு எதிர்ல நின்ன காலத்துல இருந்தா? அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன், இவளும் கிளம்பத் தயாராத்தான் இருந்திருக்கான்னு. அவரு நாலு சட்டை, இவ ஒரு சேலை. ஒரு பக்கம் என்னை வேவு பாத்துக்கிட்டு, இன்னொரு பக்கம் எந்த நேரமும் பஸ் ஏறிடலாம்னு மூட்டையைக் கட்டி வச்சிருந்திருக்கா. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. அழக்கூட இல்ல, எனக்கு அவ்வளவு கோபம்.

ஆனா காலேஜ் கேட்டு முன்னாடி அம்மா நின்ன கதையை ரோஸ்லின்கிட்ட சொல்லியிருக்கேன். அதுதான் இப்ப அறுக்குது. போன மழைக்காலத்துல ஒரு நாள், கரண்ட் போயி, எல்லாரும் வேலை இல்லாம உக்காந்திருந்தப்ப சொன்னேன். கழுத்து, பை, கை, எல்லாம் நடிச்சே காட்டினேன், அவ சிரிச்சா, நானும் சிரிச்சேன். அடிப்பாவி. உனக்கு ஒரு வில்லி வேணும்னதும் என் அம்மாவை எடுத்துக்கிட்டு, மேல என் மூஞ்சியை ஒட்டிட்டியா. அம்மா மாதிரியே நீயும்னு எனக்கே வரைஞ்சு காட்டுறியா. இதை இப்படியே மெயில்ல எழுத முடியாது, சார் கேப்பாரு, உங்கம்மாவை நான் பாத்தது இல்லையேம்மா, எப்படி நம்புறதுன்னு. ஆதாரம் வேணும். ரோஸ்லினோட ஃபைல் பொது சர்வர்லதான் கிடக்கும், யார் வேணா திறக்கலாம். அவ முதல்ல போட்ட கோட்டுல இருந்து கடைசி வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கடுக்கா இருக்கும், எங்கேயாவது ஒரு மூலையில என் பேரை எழுதியிருப்பா, அவ பழக்கம் அது, ஆட்டுக்கிடா ஃபைல்லயும் அந்த மேனேஜர் பேரு இருந்துச்சு. மணி பன்னெண்டு இருபது. திறந்தேன். மேல கலர். அதுக்குக் கீழ மூஞ்சி மட்டும் தனியா, எட்டு தடவை போட்டுப் போட்டுப் பாத்திருக்கா, எட்டும் நான்தான், புருவத்தைச் சுருக்குற நான், ஓரக்கண்ணால பாக்குற நான், பாரு, பாரு, சொன்னேன்ல. அதுக்குக் கீழ உடம்பு. எல்லாத்துக்கும் அடியில ஒரு பழைய படம், பேப்பர்ல போட்டு ஸ்கேன் பண்ணது, பழுப்பா இருக்கு, பேரு, கூட்டம் இருபத்தேழு.

கூட்டம்னா எனக்குத் தெரியும். சந்தை, திருவிழா, பஸ் ஸ்டாண்டுன்னு காட்சி வந்தா பின்னாடி நிக்க ஆளுங்க வேணும்ல, அதுக்குன்னு ஒரு பொதுச் சேமிப்பு வச்சிருக்கோம், மூஞ்சிக்கு ரெண்டு புள்ளி, அவ்வளவுதான், யார் வேணா எடுத்து எங்க வேணா நிறுத்திக்கலாம். அதுல முதல் நாப்பது ஆளையும் நான் வரைஞ்சேன். வேலைக்குச் சேந்த புதுசுல, ரெண்டு வாரத்துல நாப்பது ஆளு. மூலையில "பொ"ன்னு என் பேரோட முதல் எழுத்து, பக்கத்துல தேதி, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. இல்ல, இது ரோஸ்லின் செஞ்ச வேலை, எனக்கு இது தெரிய வரும்னு முன்னாடியே யோசிச்சு என் எழுத்தைப் பாத்து எழுதி வச்சிருக்கா. அட ச்சீ. பேப்பரையும் பழுப்பாக்கி வச்சாளா? காதுக்குப் பக்கத்துல கோடு அறுந்து மறுபடி ஆரம்பிக்குது, அது என் கை, எனக்குக் காது வரைஞ்சா பென்சிலை எடுத்துட்டுத்தான் வரும், இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். என் கையை எனக்குத் தெரியாதா. நான்தான் போட்டிருக்கேன். அம்மா உயிரோட இருந்தப்ப, நாப்பது ஆளுக்கு ஆளு கிடைக்காம, கேட்டுக்கு எதிர்ல நின்னவளை இருபத்தேழாவதா கூட்டத்துல நிறுத்திட்டு மறந்து போயிட்டேன். அப்போ இவ எத்தனை திருவிழாவுல நின்னிருப்பா, எத்தனை பஸ் ஸ்டாண்டுல. அம்மாவை நான்தான் ஊரெல்லாம் நிக்க வச்சிருக்கேன்.

கை சும்மா இருக்கல, வேலை புத்தி. என் படத்தையும் ரோஸ்லின் படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தேன், எங்க மாத்தியிருக்கா, எங்க தப்பு, தினம் செய்யறதுதானே. கழுத்து அப்படியே இருக்கு. பை அப்படியே. கை அப்படியே. மாறினது ரெண்டு, ஒண்ணு மூஞ்சி, அது தெரிஞ்சதுதான். இன்னொண்ணு கால். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நானே தொண்டை வத்தச் சொல்ற பாடம் இது, மூஞ்சி எங்க வேணா திரும்பியிருக்கட்டும், ஆளு எங்க போகப் போறாங்களோ அந்தப் பக்கம் காலைத் திருப்புங்க, பாக்குறவங்களுக்குச் சொல்லாமலே புரியும். திருடன், ஒட்டுக் கேக்குறவன், பொய் சொல்றவன் எல்லாருக்கும் மூஞ்சி இங்க, கால் வாசல் பக்கம். ரோஸ்லின் அதைத்தான் பண்ணியிருக்கா, வில்லிதானே, மூஞ்சி தெருவைப் பாக்குது, கால் ஓடப் பாக்குது. என் படத்துல அப்படி இல்ல. என் படத்துல மூஞ்சி எந்தப் பக்கமோ காலும் அந்தப் பக்கம்தான். புதுசுல தெரியாம போட்டுட்டேனா? இல்ல, பக்கத்துல இருபத்தாறாம் நம்பர் ஆளுக்குச் சரியாத்தான் திருப்பியிருக்கேன். அப்போ பாத்ததைப் போட்டிருக்கேன். கேட்டு முன்னாடி அவ நின்ன இடத்துல பஸ் ஸ்டாப் அவளுக்கு வலது கைப் பக்கம். பஸ் ஏறப் போறவளா இருந்தா கால் அங்க இருந்திருக்கணும். கால் ரோட்டைப் பாத்து இருந்துச்சு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டு. கேட்டுக்குள்ள இருந்து வெளிய வர்றது நான். பையில ஒரு சேலை, ஒரு ஜாக்கெட், சோப்பு, சீப்பு. இடம் இருந்தா நானும் வர்றேன் சார், ஓரமா உக்காந்துக்கறேன். நான் எவன்கூடவாவது, எந்த ஊருக்காவது, சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டா... நிஜமா எனக்குத் தெரியாது, அவகிட்ட கேக்கவும் முடியாது. கால் என் பக்கம் இருந்துச்சு, அது மட்டும்தான் தெரியும். கண்ணு எரியுது. இந்த ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிக்குதுன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன், ஒருத்தனும் திருப்பி வைக்க மாட்டேங்குறான்.

"சாப்பிட வர்றியா இல்லையா, மீன் குழம்பு ஆறுது." ரோஸ்லின், கையில ரெண்டு டப்பா, என் நாற்காலிக்குப் பின்னாடி. எப்ப வந்தா? ஒரு ஸ்கிரீன்ல அவ ஃபைல், இன்னொரு ஸ்கிரீன்ல மெயில், மறைக்கக்கூட எனக்குத் தோணல. அவ முதல்ல படத்தைத்தான் பாத்தா. "கண்டுபிடிச்சிட்டியா. சொல்லலாம்னு மூணு தடவை வந்தேண்டி, நீ என்னமோ நான் திருட வந்த மாதிரி ஸ்கிரீனைத் திருப்பிக்கிற. உன் இருபத்தேழாம் நம்பர் எனக்கு எப்பவுமே பிடிக்கும், கூட்டத்துல அவ மட்டும்தான் எதையோ பாத்துக்கிட்டு இருப்பா. ஆனா மூஞ்சி இல்லையே, ரெண்டு புள்ளிதான் வச்சிருக்க. என் மூஞ்சியை வச்சுப் பாத்தேன், கோமாளியாத் தெரிஞ்சா. கண்ணாடியைத் திருப்பி உன்னைப் பாத்தேன், அப்படியே வந்து உக்காந்துக்கிச்சு. அந்த மூணு சீட்டுல ஒண்ணு நான் எழுதினதுதான், சிரிக்கிற மூஞ்சி போட்டது. நீ படிச்சுட்டு ஓடி வந்து என்னை நாலு சாத்து சாத்துவேன்னு பாத்தேன், நீ பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போற." அப்புறம் மெயில் பக்கம் திரும்பினா. நாலு வரி, படிக்க எவ்வளவு நேரம் ஆகும். டப்பாவைக் கீழ வச்சா.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"அனுப்பப் போறியா?"

"காலையில அனுப்பணும்னுதான் அடிச்சேன் ரோஸ்லின். உன்னை வெளிய அனுப்பணும்னு தெரிஞ்சேதான் அடிச்சேன்."

எனக்கு அசிங்கமா இருந்துச்சு, பதினோரு வருஷத்துல முதல் தடவை அவ முன்னாடி எனக்கு அசிங்கமா இருந்துச்சு. மெயிலை அழிச்சேன். நிச்சயமா அழிக்கவான்னு கேட்டுச்சு, ஆமான்னு அமுக்கினேன். அவ மூஞ்சியைப் பாக்காம சிவப்பை எடுத்து அவ படத்துல அந்தக் காலைச் சுத்தி ஒரு வட்டம் போட்டேன், அம்புக்குறி போட்டேன், காலை மூஞ்சி பக்கம் திருப்பவும்னு எழுதினேன்.

"அப்படித் திருப்பினா வில்லி மாதிரி இருக்க மாட்டாளே"ன்னா ரோஸ்லின். குரல் இன்னும் சரியாகல, ஆனா வேலைன்னு வந்தா அவளும் என்னை மாதிரிதான். "ஓடப் போறவ மாதிரி இருக்க மாட்டா. யாருக்கோ காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருப்பா."

"இருக்கட்டும்."

"ரெண்டு மணி மீட்டிங்ல கம்பெனிக்காரங்க கேப்பாங்க. இன்னொண்ணும் கேப்பாங்க, போன மீட்டிங்ல பையோட ஒரு அத்தைன்னு வாயால சொன்னப்பவே கேட்டாங்க, அந்தப் பைக்குள்ள என்ன வச்சிருக்கான்னு. நான் எதையும் யோசிக்கல, பூட்டு, டார்ச்சு, ஏதாவது. நீதானே வரைஞ்ச, நீயே சொல்லு, என்ன இருக்கு அதுக்குள்ள?"

"ஒரு சேலை. ஒரு ஜாக்கெட். சோப்பு, சீப்பு."

"எந்த ஊருக்குப் போறா?"

"அவளா எந்த ஊருக்கும் போகல"ன்னேன். "எம் பொண்ணு கிளம்பினா கூடப் போறதுக்கு."

எம் பொண்ணுன்னா சொன்னேன்? அவ பொண்ணுன்னுதான் சொல்ல வந்தேன். ரோஸ்லின் ஒரு நிமிஷம் என்னையே பாத்தா, கண்ணாடி இல்லாம, நேரா. அப்புறம் என் மடியில இருந்த பையை எடுத்துத் தரையில வச்சுட்டு டப்பாவைத் திறந்தா.